யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்க எங்கே போகலாம்? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

தைப்பொங்கல் முடிந்த கையோடு ஐந்து நாள் கைதடியில் அம்மம்மா வீட்டுக்கு வருகிறோம், ஒன்பது வயது மகளுக்குப் பறவை என்றால் உயிர், யால, குமண தேசியப் பூங்காக்களுக்குப் போக நேரமில்லை, யாழ்ப்பாணத்துக்குள்ளேயே எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். யாலவை விடுங்கள். தை மாசியில் கைதடியில் தங்குகிறவர் பறவை தேடித் தூரம் போகவே தேவையில்லை. வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் உப்பாற்றுக் கடனீரேரி கிடக்கிறது.

ஆனால் இடங்களின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் நீங்கள் ஏமாந்து போவீர்கள், அதனால் முதலில் ஒரு விசயம். இங்கே பறவை இடத்துக்கு வருவதில்லை, தண்ணீரின் ஆழத்துக்கு வருகிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் மாரி கொட்டுகிற தண்ணீர்தான் தரவைகள் என்கிற வெட்டவெளி நிலங்களையும் குளங்களையும் நிரப்பிக் கடனீரேரிக்குள் இறங்குகிறது, தையில் மழை ஓய்ந்ததும் ஓரங்கள் வற்றத் தொடங்கும், வற்ற வற்றக் கரை நகரும், கரையோடு சேர்ந்து பறவைக் கூட்டமும் நகரும். போன வருடம் ஒருவர் பூநாரைக் கூட்டம் படம் பிடித்த அதே இடத்தில் இந்த வருடம் இடுப்பளவு தண்ணீர் நின்றால் அங்கே ஒரு பூநாரையும் இராது, இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும். கடல் வற்றுப்பெருக்கு இங்கே சிறியது. அதைவிடக் காற்றுத்தான் பெரிய ஆள். வாடைக்காற்று இரண்டு நாள் பலமாக வீசினால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, நேற்று மூடிக் கிடந்த சேறு இன்றைக்கு வெளியே தெரியும்.

ஆகவே எந்தக் கரையில் போய் நின்றாலும் முதலில் தொலைநோக்கியைத் தூக்காதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். ஈரச் சேறாகவோ, விரல் நனைகிற அளவு தண்ணீராகவோ இருந்தால் அது கொசு உள்ளானுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் உரியது. கணுக்கால் அளவுக்குப் பவளக்கால் உள்ளான் வகையறா. ஒரு சாண் என்றால் நெடுங்கால் உள்ளான், மூக்கன்கள், சின்னக் கொக்குகள். முழங்கால் அளவு என்றால் பூநாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன். அதற்கும் கொஞ்சம் ஆழம் போனால் ஊசிவால் வாத்து. உடம்பின் முன்பாதியைத் தண்ணீருக்குள் விட்டு வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு அடியில் உள்ளதைத் தின்னும், அதன் கழுத்து எட்டுகிற ஆழம்தான் அதன் எல்லை. உங்கள் மகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். காலைப் பார்த்து ஆழத்தைச் சொல்கிறாளா, ஆழத்தைப் பார்த்துப் பறவையைச் சொல்கிறாளா என்று இரண்டு பக்கமும் விளையாடலாம். பெயர் பாடமாக்குவதைவிட இது வேகமாகப் பிடிபடும்.

சரி, இடங்களுக்கு வருவோம். முதல் நாள் எங்கேயும் போக வேண்டாம், வளவிலேயே தொடங்குங்கள். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. கைதடி வளவென்றால் தென்னையும் ஒன்றிரண்டு பனையும் வேலியில் கிளுவையும் பூவரசும் இருக்கும்தானே, விடிய ஆறரைக்கு ஒரு தேத்தண்ணியோடு கிணற்றடிப் பக்கம் உட்காருங்கள். தென்னையில் டொக் டொக் என்று ஏறுகிற மரங்கொத்தியின் முதுகைப் பாருங்கள், பொன் மஞ்சள். இதே மாதிரியான மரங்கொத்தியைக் கொழும்பிலோ கண்டியிலோ பார்த்தால் முதுகு இரத்தச் சிவப்பு. அது இலங்கையில் மட்டுமே வாழ்கிற தனி இனம். வடக்கில் இருப்பது இந்தியாவில் உள்ள பொன்முதுகு மரங்கொத்தியின் உறவு, அதன் வடஇலங்கை வகைக்கு விஞ்ஞானப் பெயரிலேயே 'யாப்னென்சே' என்று நம் ஊரின் பெயர் ஒட்டியிருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடைப்பட்ட பகுதிகளில் கலப்பு நிறப் பறவைகளும் உண்டு. நம் ஊரின் பெயரைச் சுமக்கிற பறவை நம் தென்னையிலேயே ஏறிக்கொண்டிருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. எனக்கே நாற்பது வயதுக்குக் கிட்டத்தான் தெரியவந்தது, அன்றைக்கு வந்த சந்தோசம் இன்னும் குறையவில்லை.

அதே வளவில் புலுனிக் கூட்டம் சருகைக் கிளறும், செண்பகம் வேலிக்குள்ளால் நடக்கும், பனை ஓலைக்கு மேலே உழவாரன்கள் கீச்சிட்டுக்கொண்டு சுற்றும். வெளியே ஒழுங்கையில் இறங்கி வயல் பக்கம் நடந்தால் மின்கம்பியில் பனங்காடை, கரிச்சான், அப்புறம் நீளவால் கீச்சான். இந்தக் கீச்சான் இலங்கையில் வடக்குப் பக்கத்தில்தான் பார்க்கக் கிடைக்கும், தெற்கிலிருந்து வருகிற பறவைக்காரர்கள் இதற்காகவே மெனக்கெட்டு வருகிறார்கள். சாம்பல் தலை, செம்மஞ்சள் முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி. ஒருமுறை ஒரு தோட்டத்து முட்கம்பி வேலியில் ஒரு பச்சை வெட்டுக்கிளி முள்ளில் குத்தப்பட்டுப் பின்னங்கால் இன்னும் அசைந்தபடி இருந்ததைக் கண்டேன், பக்கத்து வடலியில் கீச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காலில் பருந்தைப் போலப் பிடிப்பு இல்லை, அதனால் இரையை முள்ளில் மாட்டிக் கிழித்துத் தின்கிறது, மிச்சத்தைப் பிறகு வந்து எடுக்கும். வேலி ஓரம் நடக்கும்போது முள்ளையும் பார்த்துக்கொண்டு நடங்கள்.

கவுதாரியும் அப்படித்தான். இலங்கையில் புத்தளம் தொடங்கி மன்னார், யாழ்ப்பாணம் வரைக்குமான வறண்ட கரையோரத்தில்தான் உண்டு. விடியற்காலையில் தரவைப் பக்கமிருந்து திரும்பத் திரும்ப உரத்துக் கூப்பிடும், காணுவது கடினம், கேட்பது சுலபம்.

வளவுக்கு அடுத்தது கோப்பாய்–கைதடிப் பாலம். உங்களுக்குப் பத்து நிமிடம். ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு வாகனம் கூடிவிடும். பாலத்தின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீர், நடுவில் மேட்டுத் திட்டுகள், நெடுங்கால் உள்ளான்களின் சிவப்புக் காலைத் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம். வெயில் முதுகில் விழுகிற பக்கமாக நின்றுகொள்ளுங்கள். காலையில் கிழக்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், நிறம் தெரியாது, பிள்ளைக்குச் சலித்துவிடும். நாவற்குழிப் பாலப் பக்கமும் இதே மாதிரிதான், ஆனால் ஏ-9 வீதியில் லொறிகளுக்கு நடுவே பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அப்புறம் பண்ணை. யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டி மண்டைதீவு, வேலணைப் பக்கம் போகிற தாம்போதிதான் என் கணக்கில் குடாநாட்டிலேயே முதல் இடம், ஒரு காலை மட்டும்தான் உண்டு என்றால் அதை இங்கே கொடுங்கள். கடலுக்கு நடுவால் வீதி போகிறது, இரண்டு பக்கமும் மீனவர்களின் சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு கம்பிலும் ஒரு பறவை: ஆலா, நீர்க்காகம், கடற்காகம், சில நாட்களில் விரால் அடிப்பான். ஆலாக்களில் பருத்த உடம்பும் கரட் மாதிரிச் சிவந்த தடித்த அலகும் கொண்டது காஸ்பியன் ஆலா, ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பூநாரை கிட்டத்தில் நின்றால் எண்ணுவதையும் படம் எடுப்பதையும் விட்டுவிட்டு ஒரே ஒரு பறவையைப் பத்து நிமிடம் பாருங்கள். தலையை முழுக்கக் கவிழ்த்து மேலலகு தரைப்பக்கம் வரும்படி வைத்துக்கொள்ளும். நாக்கு பம்பு மாதிரி நீரை இழுத்துத் தள்ளும், அலகின் ஓரத்தில் உள்ள சீப்புப் பற்கள் கூனிப்பூச்சிகளையும் பாசியையும் வடித்து எடுக்கும். இடைக்கிடை ஒரே இடத்தில் நின்று, தலை நடுவில் இருக்க, காலால் சேற்றை மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றும். பங்குனியில் தண்ணீர் வற்றிய பிறகு அதே இடத்துக்குப் போனால் சேற்றில் கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள் காய்ந்து கிடக்கும், நடுவில் ஒரு சின்ன மேடு, சுற்றிவர ஒரு குழி, அதெல்லாம் அந்த நடனத்தின் தடம். கூட்டத்தில் வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல நிற்பவை குஞ்சுப் பருவம் தாண்டாதவை, நோயாளிகள் இல்லை. அந்த இளஞ்சிவப்பு சாப்பாட்டிலிருந்து வருவது, நிறம் ஏற வருடக்கணக்காகும். இவை இங்கே குஞ்சு பொரிப்பதில்லை, இந்தப் பக்கத்தில் அவை கூட்டமாகக் குஞ்சு பொரிக்கிற பெரிய இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் இருக்கிறது.

இதிலே ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று நான்கு வருடத்துக்கு முன், இதே தாம்போதியில் கலியாண அல்பத்துக்குப் படம் எடுக்க வந்த ஒரு குழு பூநாரைக் கூட்டத்துக்கு மேலே ட்ரோன் விட்டது. கூட்டம் முழுக்க எழும்பியது, பார்க்க வடிவுதான், எல்லோரும் கை தட்டினார்கள். பூநாரையால் நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது, தண்ணீரில் ஓடி ஓடித்தான் காற்றில் ஏறும், அத்தனை பெரிய உடம்புக்கு அது பெரிய செலவு. ஒரு மணித்தியாலத்தில் மூன்று தடவை எழுப்பினார்கள், மூன்றாவது தடவை கூட்டம் திரும்பி இறங்கவில்லை, அந்தக் கிழமை முழுக்க அந்தப் பக்கம் வெறிச்சென்று கிடந்தது. யாராவது உங்களிடம் கல்லெறிந்தோ கோர்ன் அடித்தோ எழுப்பிக் காட்டுகிறேன் என்று சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டோக்காரர் அன்பில்தான் கேட்பார், விளக்கிச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

சின்னப் பறவைகளுக்கு இது இன்னும் மோசம். சேற்றில் ஓடித் திரிகிற வளைமூக்கு உள்ளான் ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும், அது முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில். மத்திய ஆசியா வழியாக வருகிற வலசைப் பாதையின் தென்முனை நம் தீவு, இதற்கு அப்பால் சமுத்திரம்தான். பங்குனி சித்திரையில் திரும்பிப் போவதற்கு முன் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும், அதற்காகத்தான் விடியலிலிருந்து அந்தி வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் தின்கிறது. நீங்கள் தையில் பார்க்கும்போது சாம்பல் நிறமாக இருப்பது, சித்திரையில் போகிற நேரம் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும்.

பண்ணையிலிருந்து அப்படியே வேலணை தாண்டிப் புங்குடுதீவுத் தாம்போதி வரைக்கும் விட்டால் இன்னொரு நல்ல நீர்வெளி, அங்கே சனநடமாட்டம் குறைவு. தீவகத்துக் கரைகளில் கரைக்கொக்கைத் தேடுங்கள், கருஞ்சாம்பல் உடம்பும் வெள்ளைத் தொண்டையுமாக ஒற்றையாக நிற்கும். இப்போது பல இடங்களில் கடலட்டைப் பண்ணைக்காக வலையும் கம்பும் அடித்திருக்கிறார்கள், அந்த வேலிகளுக்குள் இறங்க வேண்டாம், அது ஒருவரின் தொழில். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போவதென்றால் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும், ஒருவழிக்கே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், கடல் குழம்பினால் படகு ஓடாது. மகளுக்கு அங்கே கட்டற்றுத் திரிகிற குதிரைகள் பிடிக்கும் என்றால் போகலாம், பறவைக்காக மட்டும் என்றால் அந்த நாளைச் சரசாலைக்குக் கொடுங்கள் என்பேன்.

சரசாலையில் குருவிக்காடு என்று ஊர்க்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள், கண்டல் மரக்கூட்டம், அதில் மாரிகாலத்தில் பறவைகள் வந்து அடையும். உங்களுக்குச் சாவகச்சேரிப் பக்கமாகப் போய்த் திரும்பினால் கிட்ட. இங்கே காலை வேண்டாம், பின்னேரம் நாலரைக்குப் போய் அசையாமல் ஓரிடத்தில் இருங்கள். கொக்கும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் நாலு திசையிலிருந்தும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும், ஒவ்வொரு கூட்டமும் வந்து இறங்கும்போது ஏற்கெனவே இருந்தவை இடம் விடாமல் சண்டை பிடிக்கும், வெளிச்சம் மங்க மங்கச் சத்தம் கூடிக்கொண்டே போய், பிறகு ஒரு கட்டத்தில் அப்படியே அடங்கும். மகளை அடங்குகிற வரைக்கும் இருக்க விடுங்கள், நுளம்புக்கு மருந்து பூசிக்கொண்டு போங்கள். கண்டலுக்குள்ளே நுழைய வேண்டாம், வீதியிலிருந்து பார்ப்பதே போதும்.

அங்கிருந்து கப்பூது வழியாக நெல்லியடிக்குப் போகிற வீதி நேரமிருந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டிய வீதி. வீடே இல்லாத வெளி. வல்லை வெளியும் அதே மாதிரி, தொண்டைமானாற்றுக் கடனீரேரி பாலத்துக்குக் கீழே விரிந்து கிடக்கும். இந்த வெளிகளில் புல்லுக்கு மேல் இரண்டாள் உயரத்தில், சிறகை வி வடிவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றோடு சரிந்து சரிந்து ஒரு பருந்து போனால் அது குளிர்காலத்துக்கு வருகிற பூனைப்பருந்து. நம் செம்பருந்தும் கரும்பருந்தும் அப்படித் தாழப் பறந்து புல்லைத் துழாவுவதில்லை. சொல்ல மறந்துவிட்டேன், யாழ்ப்பாணத்தில் சந்தைக்கு மேலே வட்டமிடுகிற கரும்பருந்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், தெற்கே அது அபூர்வம்.

பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போகிற தாம்போதியும் நல்லது. பண்ணை அளவுக்கு இல்லை, கசூரினாக் கடற்கரைக்குப் போகிற வழியில் அரை மணித்தியாலம் நிற்கலாம்.

சுண்டிக்குளம் தனிக்கதை. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்து 2015இல் தேசியப் பூங்காவாக்கிய இடம், குடாநாட்டின் தென்கிழக்கு மூலையில் கடனீரேரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு, கண்டல், உவர்நிலம் எல்லாம் கலந்து கிடக்கிறது. வாத்துகள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் இங்கேதான், ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் நீலச்சிறகியும் தூரத்தில் ஒரு கறுத்த கோடாகத் தெரியும், திடீரென்று அந்தக் கோடு எழும்பும். ஆனால் நாள் முழுக்கப் போகும், பாதை மோசம், கடையும் குறைவு, தண்ணீரும் சாப்பாடும் கட்டிக்கொண்டு உயர்ந்த வாகனத்தில் பாதை தெரிந்த ஒருவரோடு போங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது கொஞ்சம் நீளம். அதற்குப் பதிலாகக் கொழும்புக்குத் திரும்பும்போது ரயிலில் ஆனையிறவைப் பகலில் தாண்டுகிற மாதிரி டிக்கெட் எடுங்கள், யன்னலோரம் உட்கார்ந்தாலே இரண்டு பக்கமும் நீர்வெளி, பூநாரை நிற்கிற காலமென்றால் ரயிலிலிருந்தே தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்துவருகிறது, மண்டையோட்டுப் பலகை கண்டால் வீதியை விட்டு ஒரு அடியும் இறங்காதீர்கள், பறவை எவ்வளவு கிட்ட நின்றாலும் சரி. கடற்படை, இராணுவ முகாம் இருக்கிற பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். இரண்டு, தரவை மேலே காய்ந்து கட்டியாகத் தெரியும், கீழே களி. வாகனத்தை இறக்கினால் புதையும், அதைவிட முக்கியம், அந்த வெறுந்தரையில்தான் உப்புக்கொத்தியும் ஆட்காட்டியும் முட்டையிடும், கூடு என்று ஒன்றும் இராது, மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை மண்ணிலேயே கிடக்கும். வலசை போகாமல் இந்தக் கரையோரங்களில் தங்கிக் குஞ்சு பொரிக்கிற ஒரு சின்ன உப்புக்கொத்தியை 2023இல் தனி இனமாகப் பிரித்து அனுமன் பெயரை வைத்தார்கள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் அது வாழ்கிறது. அவ்வளவு காலமும் வெளிநாட்டிலிருந்து வருகிற இன்னொன்றோடு சேர்த்தே எண்ணியிருந்தோம்.

தொலைநோக்கி 8×42 போதும், பத்து மடங்கு பிள்ளையின் கையில் ஆடும். வாகனத்தில் இருந்தபடியே பாருங்கள். வாகனத்தைக் கண்டு பயப்படாத பறவை, கதவைத் திறந்து மனிதன் இறங்கியதும் பறந்துவிடும். கைபேசியில் பறவையை அடையாளம் காட்டுகிற மெர்லின் செயலியையும் இந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பையும் வீட்டிலிருந்தே இறக்கிக்கொண்டு வாருங்கள், தீவகத்தில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. பார்த்ததை ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் போட்டால் நல்லது, யாழ்ப்பாணத்திலிருந்து போகிற பதிவுகள் இன்னும் குறைவு, நீங்கள் கைதடி வளவில் எண்ணிய ஏழு புலுனியும் கணக்கில் சேரும்.

ஐந்து நாளை நான் பிரித்தால் முதல் நாள் வளவும் ஒழுங்கையும், இரண்டாம் நாள் விடியக் கோப்பாய்–கைதடிப் பாலம், அன்று பின்னேரம் சரசாலை, மூன்றாம் நாள் பண்ணையிலிருந்து புங்குடுதீவு வரை, நாலாம் நாள் கப்பூது, வல்லை. ஐந்தாம் நாளை வெறுமையாக விடுங்கள். எங்கே அதிகம் பறவை நின்றதோ அங்கேயே மகள் இன்னொருமுறை போகக் கேட்பாள். போகும்போது தண்ணீர் முதல் நாள் இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.